கேளுங்கள், சொல்கிறேன்: ஹிஜாப் பற்றி வந்த கடிதங்கள்

போன இதழில் ஒரு வாசகிக்கு எழுதிய நாலு வரிப் பதிலில், நானும் ஹிஜாப் அணிகிறவள்தான் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஹிஜாப் அணிகிறார். அவரிடம் நிறையக் கேட்க ஆசை, ஆனால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம். கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் அதையே முதல் பேச்சாக வைக்காதீர்கள். நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு வாரத்துக்குள், என்ன படித்தீர்கள், இதற்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டவர்கள் இரண்டே பேர். தூங்கும்போதும் இதைப் போட்டுக்கொள்வீர்களா, உள்ளே முடி இருக்கிறதா, கழற்றினால் வீட்டில் அடிப்பார்களா என்று கேட்டவர்கள் எட்டுப் பேராவது இருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, இன்று முழுக்க என்னோடு யாரும் பேசவில்லை, என் தலையில் இருந்த துணியோடுதான் பேசினார்கள் என்று தோன்றும். அந்த இரண்டு பேர் இன்றும் என் தோழிகள். ஆறு மாதம் கழித்து அவர்களும் அதே சந்தேகங்களைக் கேட்டார்கள், சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். (வீட்டில் அணிவதில்லை. கணவர், அப்பா, சகோதரர், மகன் போன்ற நெருங்கிய உறவினர் முன்னாலும், பெண்கள் மட்டும் இருக்கும் இடத்திலும் தேவையில்லை. முடி இருக்கிறது.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கேயோ ஒரு நாட்டில் குண்டு வெடித்தால், மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே சிலர் பார்வை மாறியிருப்பது எனக்குப் புரியும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு நான் வழக்கத்தை விட அதிகமாகச் சிரிப்பேன், வழக்கத்தை விடப் பணிவாகப் பேசுவேன், யாராவது வரிசையில் முந்திப் போனால்கூட வாயைத் திறக்க மாட்டேன். நான் ஒருத்தி கோபப்பட்டால் அந்தக் கோபம் ஒரு மதத்தின் கணக்கில் எழுதப்படும் என்ற பயம். எனக்கு வந்த அசதியில் பெரும்பகுதி இதனால் வந்தது, துணியால் வந்தது ரொம்பக் கொஞ்சம். "முஸ்லிம் பெண்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று உங்கள் சக ஊழியரிடம் கேட்காதீர்கள். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். அவர் கை நீட்டாதவரை ஆண்கள் கைகுலுக்கக் கை நீட்ட வேண்டாம், ஒரு புன்னகை போதும். கழிப்பறைக் கண்ணாடி முன்னால் அவர் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தால் கதவை அகலத் திறந்து வைத்துவிடாதீர்கள், வெளியே யார் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பெண்கள் மட்டும் கூடியிருந்த இடத்தில் அவர் தலையை மூடாமல் இருக்கும்போது எடுத்த படத்தைக் கேட்காமல் எங்கேயும் போட்டுவிடாதீர்கள். இதை எத்தனையோ நல்ல மனசுக்காரர்கள் யோசிக்காமல் செய்துவிடுகிறார்கள், எங்களுக்கு அது ராத்திரி தூக்கத்தையே கெடுக்கும்.

கேள்வி: ஹிஜாப், நிகாப், புர்கா, பர்தா, எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. நாம் தமிழில் எல்லாவற்றையும் பர்தா என்று ஒரே வார்த்தையில் சொல்லிப் பழகிவிட்டோம். பொதுவாக இப்போது ஹிஜாப் என்றால் தலைமுடி, காது, கழுத்து மறையும்படி சுற்றும் துணி, முகம் தெரியும். நிகாப் கண்களை விட்டுவிட்டு முகத்தை மறைப்பது. கண் இருக்கும் இடத்திலும் வலைத்துணி வைத்து முழுக்க மூடுவதைத்தான் உலகச் செய்திகளில் புர்கா என்கிறார்கள், ஆனால் நம்மவர்கள் உடைக்கு மேல் போடும் நீண்ட கறுப்பு அங்கியையே அப்படிச் சொல்வதுண்டு. ஹிஜாப் என்ற அரபுச் சொல்லுக்குத் திரை, தடுப்பு என்று பொருள். குர்ஆனில் தலைத்துணியைப் பற்றி வருவது 24ஆம் அத்தியாயத்தின் 31ஆம் வசனம், அங்கே இருக்கும் சொல் வேறு, கிமார். அதற்கு முந்திய 30ஆம் வசனம் ஆண்களைப் பார்த்துப் பேசுகிறது, பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள் என்று. பெண்களுக்கு அறிவுரை சொல்ல வரும் ஆண்கள் ஒரு வசனம் முன்னால் போய்ப் படித்துவிட்டு வந்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும்.

தலையை மறைப்பது கடமை என்பதுதான் பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. முகத்தை மறைக்க வேண்டுமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஹிஜாபே அணியாத முஸ்லிம் பெண்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள், தொழுகிறார்கள், நோன்பு வைக்கிறார்கள். துணி அளவை வைத்து ஒருத்தியின் ஈமானை, அதாவது இறை நம்பிக்கையை, அளக்க யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். இது உங்கள் விருப்பமா, அல்லது சின்ன வயதிலிருந்தே பழக்கிவிட்டதால் விருப்பம் என்று நினைக்கிறீர்களா?

கோபம் வராமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது நியாயமான கேள்வி.

நான் அணிய ஆரம்பித்தது 19 வயதில். எங்கள் உம்மாவுக்கு அதில் இஷ்டமே இல்லை. வேலை கிடைக்காது, கல்யாணம் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் சண்டை போட்டார்கள். வேலை விஷயத்தில் அவர்கள் பயந்ததில் அர்த்தம் இருந்தது. ஒரு நேர்காணலில் எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, வெளியாட்கள் வரும்போது மட்டும் இதைக் கழற்றிவிட்டு உட்கார முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். அப்புறம் அங்கிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே 2017இல், எந்த மத அடையாளமும் கூடாது என்று ஒரு நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாக விதி வைத்திருந்தால் தலைத்துணியையும் தடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. விதி எல்லோருக்கும் பொதுதான், ஆனால் அந்த விதியைப் படித்துவிட்டு விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுகிறவள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

என் விருப்பம் உண்மை. அதே சமயம், விருப்பமே இல்லாமல் அணிகிற பெண்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை, அதை மறைத்துப் பேச எனக்கு மனசாட்சி இடம் தராது. ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் அந்நாட்டு மன்னர் ரேசா ஷா முக்காட்டைத் தடை செய்தார், காவலர்கள் தெருவில் பெண்களின் தலையிலிருந்து துணியை இழுத்தார்கள், வெளியே வரவே மறுத்து வீட்டோடு முடங்கிப்போன பெண்கள் உண்டு. 1979 புரட்சிக்குப் பிறகு அதே நாட்டில் அணிந்தே ஆக வேண்டும் என்று சட்டம் தலைகீழானது. 2022 செப்டம்பரில், சரியாக அணியவில்லை என்று சொல்லி டெஹ்ரானில் ஒழுக்கக் காவல் படை பிடித்துக்கொண்டு போன 22 வயது மஹ்சா அமினி மூன்றே நாளில் இறந்துபோனார். அதற்காகத் தெருவில் இறங்கிய பெண்களில் ஹிஜாப் அணிந்தவர்களும் இருந்தார்கள். அதே 2022இல்தான் கர்நாடகத்தில், ஹிஜாபோடு வந்த மாணவிகளுக்குக் கல்லூரி வாசல் கதவு சாத்தப்பட்டது. மார்ச் 15ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடையை ஏற்றுக்கொண்டது, அக்டோபர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் எதிரெதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். பிரான்சில் 2004லிருந்தே அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தடை.

டெஹ்ரானில் அழுத பெண்ணையும் கர்நாடகத்தில் கதவுக்கு வெளியே நின்ற பெண்ணையும் என்னால் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை. இரண்டு பேரிடமும் உனக்கு என்ன விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. இவர்களில் ஒருத்திக்கு மட்டும் குரல் கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போது, இவர்களுக்குப் பெண்ணைப் பற்றிக் கவலையா, துணியைப் பற்றிக் கவலையா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

சின்ன வயதுப் பழக்கம் என்று கேட்டீர்கள். ஆமாம், வளர்ந்த சூழலுக்குப் பங்கு இருக்கிறது. நீங்கள் உடுத்துவதிலும், யாரைக் கும்பிடுகிறீர்கள் என்பதிலும் அதே அளவு இருக்கிறது. எங்களிடம் மட்டும் அதற்கு ஆதாரம் கேட்கிறார்கள்.

கேள்வி: வெயிலில் வியர்க்காதா?

வியர்க்கும். பருத்தித் துணி கட்டினால் தாங்கலாம், வழுக்கும் துணிகளைக் கட்டினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிசெய்ய வேண்டும். உள்ளே போடும் தொப்பி இறுக்கமாக இருந்தால் தலைவலி வரும், முடியை இழுத்துக் கட்டி வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் நெற்றியோரத்தில் முடி உதிரும். புதிதாக அணியும் பெண்கள் இதைக் கவனியுங்கள், ஈர முடியின் மேல் கட்டாதீர்கள். பின் குத்திக் குத்தித் துணி ஓட்டையாவதைத் தவிர்க்க இப்போது காந்தப் பின் வந்துவிட்டது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: என் மகளும் அவள் தோழியும் பள்ளியில் கால்பந்து ஆடுகிறார்கள். தோழி இந்த வருடம் ஹிஜாப் அணிய ஆரம்பித்ததும் அணியிலிருந்து விலகப் போகிறேன் என்கிறாளாம். என் மகள் அழுகிறாள். நான் வேறு மதத்தவள், நான் தலையிடலாமா?

தலையிடுங்கள் அம்மா, தாராளமாகத் தலையிடுங்கள். அந்தப் பெண்ணிடம் அறிவுரை சொல்ல வேண்டாம், கதை சொல்லுங்கள். 2011இல் ஈரான் பெண்கள் அணி ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜோர்டானோடு ஆட மைதானத்துக்கு வந்தது. தலையை மூடிக்கொண்டு ஆடக் கூடாது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே தடுத்துவிட்டார்கள், அந்தப் பெண்கள் மைதானத்தில் நின்று அழுதார்கள். கழுத்து இறுகிக் காயம் படும் என்பது அப்போது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா சொன்ன காரணங்களில் ஒன்று. பிறகு சோதனை முறையில் அனுமதித்துப் பார்த்து, 2014இல் தடையை நீக்கினார்கள். 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சீனா ஹிஜாபோடு களமிறங்கினார், பெண்கள் உலகக் கோப்பையில் அவர்தான் முதல் ஆள். வாள்சண்டையில் அமெரிக்காவின் இப்திஹாஜ் முஹம்மத் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபோடு ஆடி, அணியோடு வெண்கலம் வாங்கினார்.

விளையாட்டுக்கென்றே பின் இல்லாமல், தலை வழியாக அப்படியே மாட்டிக்கொள்ளும் மெல்லிய துணியில் ஹிஜாப் கிடைக்கிறது. பயிற்சியாளரிடம் நீங்களும் அவள் அம்மாவும் சேர்ந்தே போய்ப் பேசுங்கள். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், துணியை விட அதில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். உங்கள் மகளை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், பந்தை எடுத்துக்கொண்டு தோழி வீட்டு வாசலில் போய் நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் நான்கு வருடம் ஹிஜாப் அணிந்தேன். மூன்று மாதத்துக்கு முன் எடுத்துவிட்டேன். காரணம் எனக்கே முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. வேறு ஊரில் தங்கி வேலை பார்ப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. வீடியோ அழைப்பு வந்தால் அவசரமாகத் துணியைச் சுற்றிக்கொள்கிறேன். நீங்களும் என்னைத் திட்டுவீர்களா? வீட்டில் முதலில் யாரிடம் சொல்வது, அண்ணனிடமா, உம்மாவிடமா?

திட்ட மாட்டேன் தங்கச்சி. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

அணிந்தபோது வெளியாட்களுக்கு விளக்கம் சொன்னோம், எடுத்தால் நம்மவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது, இதில் நமக்கு ஓய்வே கிடையாது. நீங்கள் எடுத்தது சரியா தப்பா என்று என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கும் இறைவனுக்கும் நடுவில் இருக்கட்டும். திரும்ப அணியத் தோன்றினால் அணியலாம், அதற்கும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஹிஜாபை எடுத்ததால் தொழுகையையும் விட்டுவிட்டேன், இனி எந்த முகத்தோடு நிற்பது என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்று போனதால் எல்லாமே போய்விட்டது என்று யார் சொன்னார்கள்? இன்று மக்ரிபுக்கு, அந்தச் சாயங்காலத் தொழுகைக்கு, ஒளு செய்துவிட்டு (கை கால் முகம் கழுவிக்கொண்டு) நின்று பாருங்கள்.

வீடியோ அழைப்பு வரும்போது ஓடி ஓடித் துணி தேடுவதைத்தான் எப்படியாவது நிறுத்த வேண்டும், அந்தப் பதற்றம் உங்களை உள்ளே அரித்துவிடும். ஆனால் சொன்னால் உங்கள் செலவுக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும் என்றால் இப்போது சொல்லாதீர்கள், கொஞ்சம் காலூன்றிக்கொண்டு சொல்லுங்கள். அந்த ஆபத்து இல்லை, அழுகையும் கோபமும்தான் வரும் என்றால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நேரிலேயே சொல்லிவிடுங்கள். யாரிடம் முதலில் சொல்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அண்ணனிடம் வேண்டாம். உம்மாவிடம் சொல்லுங்கள், ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு.