கணினி முன் எரியும் முகம், விறுவிறுக்கும் விரல்கள்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: மருத்துவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 34. காலையில் கணினியின் முன் அமர்ந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் முகம் எரிகிறது, கண் உறுத்துகிறது. பிற்பகலில் தலைவலியும் களைப்பும் சேர்ந்துகொள்கின்றன. சி.பி.யூ. பெட்டியின் மீது கை பட்டால் விரல்களில் விறுவிறுவென்று ஏதோ ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. இது ‘மின்காந்த ஒவ்வாமை’ என்று உறவினர் ஒருவர் சொன்னார். வேலையை விட்டுவிடு என்று மாமியார் சொல்கிறார். இப்படி ஒரு நோய் உண்மையிலேயே இருக்கிறதா? நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: சகோதரி, உங்கள் எரிச்சலும் தலைவலியும் கற்பனை அல்ல, யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே இந்த ‘மின்காந்த ஒவ்வாமை’ பற்றி விளக்கம் வெளியிட்டது. இத்தகையவர்கள் படும் துன்பம் உண்மையானது, சிலருக்கு அது அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவுக்குக் கடுமையானது என்பதை அந்த விளக்கம் ஏற்றுக்கொண்டது. அதே விளக்கம், இத்துன்பத்துக்கு மின்கருவிகளையும் கைபேசிகளையும் சுற்றி எழும் மின்காந்தப் புலமே காரணம் என்று காட்டும் அறிவியல் சான்று இல்லை என்றும், இது மருத்துவர் உறுதிசெய்து பெயரிடக்கூடிய நோய் அல்ல என்றும் கூறியது. இந்த இரண்டையும் சேர்த்தே நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். துன்பம் இருக்கிறது, காரணத்தைத்தான் வேறு இடத்தில் தேட வேண்டும்.

இந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வெறும் அதிகாரத்தை நம்பி ஏற்கும்படி உங்களைக் கேட்பது சரியல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2006இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கைபேசி அலையால் தலைவலி வருகிறது என்று கூறிய 60 பேரையும், அப்படி எதுவும் கூறாத 60 பேரையும் அழைத்து, ஒரு முறை உண்மையான அலையையும் மற்றொரு முறை வெறும் பாவனையையும் கொடுத்தார்கள். எப்போது எது என்பது அமர்ந்திருந்தவருக்கும் தெரியாது, உடனிருந்து நடத்தியவருக்கும் தெரியாது. தலைவலி வந்தது, ஆனால் அலை இருந்தபோதும் வந்தது, அலையே இல்லாத பாவனையின்போதும் அதே அளவு வந்தது. இதைப் போன்ற பல சோதனைகளைப் பின்னர் தொகுத்துப் பார்த்தபோதும் அலை இருப்பதை உடம்பால் கண்டுகொள்ள முடிகிறது என்று தெளிவாக நிறுவ இயலவில்லை. தீங்கு வரப்போகிறது என்ற அச்சமே உடம்பில் உண்மையான வலியை எழுப்பக்கூடும் என்பது மருத்துவத்தில் நன்கு அறிந்த ஒன்று. அதற்காக உங்கள் பிரச்சினை முழுவதும் அச்சத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் அச்சத்தோடு தொடர்பே இல்லாத தடயங்கள் பல இருக்கின்றன.

முதல் தடயம் விரல்களில் ஓடும் அந்த விறுவிறுப்பு. அது அலை அன்று, மின்சாரம். கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பகுதியில், பேஸ் கம்பியிலிருந்தும் நியூட்ரல் கம்பியிலிருந்தும் உலோகப் பெட்டிக்குக் கெப்பாசிட்டர் எனும் சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியாக மிகச் சிறிய அளவு மின்சாரம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பதே ஏற்பாடு. எர்த் இணைப்பு அறுந்திருந்தாலோ, மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் பலகையில் சொருகியிருந்தாலோ, அந்தக் கசிவுக்குப் போக வழியில்லாமல் பெட்டியின் உடம்பு ஏறத்தாழ 115 வோல்ட்டில், அதாவது 230 வோல்ட்டின் பாதியில், நிற்கும். விரலை அழுத்தி வைத்தால் ஒன்றும் தெரியாது. புறங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தால் உலோகம் சொரசொரப்பாக அதிர்வதுபோல் இருக்கும். ஒரு கணினியின் கசிவு உடம்புக்குத் தீங்கு செய்யும் அளவுக்கு இராது. ஆனால் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஐந்தாறு கணினிகள் சொருகப்பட்டு, அந்தப் பெட்டிக்கு எர்த் இல்லையென்றால், எல்லாவற்றின் கசிவும் ஒன்றுகூடும். அவற்றில் ஒரு கணினியில் உண்மையான பழுது ஏற்பட்டால் அந்தப் பெட்டிகளைத் தொடுபவருக்கு உயிராபத்தே நேரலாம்.

நம் பகுதி அலுவலகங்களில் கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கிருஷ்ணகிரியில் தரையும் பெரும்பாலும் கிரானைட்டோ டைல்ஸோதான். ஈரத்துணியால் துடைத்த அந்தத் தரையில் வெறுங்காலுடன் அமர்ந்து பெட்டியைத் தொடுபவருக்கு விறுவிறுப்பு கூடுதலாகத் தெரியும்; ரப்பர் செருப்பு அணிந்த பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று நீங்கள் குழம்பியதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரால் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் வோல்ட்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது 230க்கு அருகிலும் இரண்டாவது ஓரிரு வோல்ட்டுக்குள்ளும் இருந்தால் நல்லது. அப்படி இல்லையென்றால் கட்டடத்தின் எர்த் குழியைப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் குழி காய்ந்துபோய் எர்த் பலவீனப்படுவது சாதாரணமாக நடப்பது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது முக எரிச்சலும் கண் உறுத்தலும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது; கண்ணீர்ப் படலம் காய்ந்து உறுத்துகிறது. உங்கள் இருக்கைக்கு நேரே ஏ.சி. காற்று வீசுகிறதா, மின்விசிறி முகத்தில் அடிக்கிறதா என்று கவனியுங்கள். வறண்ட காற்று நாள் முழுவதும் முகத்தில் பட்டால் தோல் இழுத்து எரியும். திரையை ஒரு கை நீளத்துக்குத் தள்ளி, அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வருமாறு நாற்காலியைத் திருப்பிக்கொள்ளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாருங்கள். மேலே பழைய சோக் வைத்த டியூப் லைட் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அது விநாடிக்கு 100 முறை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலியைக் கொண்டுவரும்.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை சரியில்லாத அலுவலகங்களில் வேலை செய்யும் பெண்கள் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். காலை உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை, இரண்டு டீ மட்டும் என்றால் பிற்பகல் தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. அதன் களைப்பு நீங்கள் எழுதியிருப்பதைப் போலவேதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கிறது என்பது உண்மையிலேயே பயனுள்ள செய்தி. ஆனால் உங்கள் வீட்டிலும் கைபேசி இருக்கிறது. அதைக் காதில் வைத்துப் பேசும்போது உங்கள் தலைக்குச் சேரும் அலை, அலுவலகத்தில் சில அடி தள்ளி இருக்கும் வைஃபை பெட்டியிலிருந்து வருவதைவிடப் பொதுவாக அதிகம். எனவே ஞாயிற்றுக்கிழமை இல்லாதது அலை அன்று. அந்த நாற்காலி, அந்த வெளிச்சம், அந்தக் காற்று, அந்த எர்த் இல்லாத பெட்டி, ஒருவேளை அந்த மேலாளரின் நெருக்கடி. ஒரு நோட்டில் எந்த நேரத்தில் எந்தத் தொல்லை வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன சாப்பிட்டிருந்தீர்கள் என்று சில வாரங்கள் குறித்து வாருங்கள். மேலே சொன்னவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போய்விடும். வேலையை விடும் முடிவை இவையெல்லாம் பார்த்த பிறகு எடுக்கலாம். நீங்கள் சம்பாதிக்கும் பணமும் அதனால் வரும் தைரியமும் இவ்வளவு எளிதில் விட்டுவிடக்கூடியவை அல்ல.

கேள்வி: பாலக்கோடு பகுதியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன், வயது 46. கணினி வந்த பிறகுதான் கழுத்து வலி, மூட்டு இறுக்கம், தலைவலி எல்லாம். திரையிலிருந்து வரும் கதிர்வீச்சு எலும்பைப் பாதிக்குமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: பாதிக்காது. பழைய பெட்டித் திரைகளைவிட இப்போதைய எல்.இ.டி. திரைகளின் புலம் மிகக் குறைவு. 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்துக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு அளவு 200 மைக்ரோடெஸ்லா. கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்குச் சேர்வது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

46 வயதில் வெள்ளெழுத்து வந்திருக்கும். கண்ணாடி இல்லாமல் முன்னே குனிந்து பார்க்கிறீர்கள். அல்லது பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க முகவாயை நாள் முழுவதும் தூக்கி வைத்திருக்கிறீர்கள். கழுத்து வலிக்கு இதுவே போதும். திரைத் தொலைவுக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி எழுதித் தரும்படி கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

மூட்டு இறுக்கத்தைப் பற்றி எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பது நாம் அனைவரும் அறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கே அதுதான் காரணம். காவிரி நீர் வந்த பிறகும் பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கிறார்கள். குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகக்கூடும். கொதிக்கவைத்தால் ஃபுளூரைடு போகாது. பற்களில் பழுப்புக் கறை உள்ளதா என்று கண்ணாடியில் பாருங்கள். சிறு வயதிலிருந்தே அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது முதல் அடையாளம். வீட்டு நீரையும் அலுவலக நீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டு, முடிவுடன் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கணினியைக் குற்றம் சொல்லிக்கொண்டே இந்த நீரைத் தொடர்ந்து குடிப்பதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை, மூன்று மாதக் கர்ப்பம். திரைக்கதிரால் குழந்தைக்கு ஆபத்து என்று சொல்லி, ‘கதிர்வீச்சு தடுப்பு’ ஸ்டிக்கரும் நீல ஒளி தடுக்கும் கண்ணாடியும் வாங்கச் சொல்கிறார்கள். எதிரே செல்போன் கோபுரமும் இருக்கிறது.
– வாசகி, ஓசூர்

பதில்: ஸ்டிக்கர் வாங்க வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பழம் வாங்கிச் சாப்பிடுங்கள் அம்மா. நீல ஒளிக் கண்ணாடி கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வு கூறுகிறது. திரையால் கருச்சிதைவு ஏற்படும் என்ற அச்சம் 1980களில் உலகெங்கும் எழுந்தது; அமெரிக்கத் தொலைபேசிப் பெண் ஊழியர்களை வைத்துச் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், பழைய பெட்டித் திரைகளுக்கு முன் அமர்ந்தவர்களுக்கும் அமராதவர்களுக்கும் கருச்சிதைவில் வேறுபாடு இல்லை.

கோபுரத்தைப் பொறுத்தவரை, 2012 செப்டம்பரில் இந்திய அரசு கோபுரங்களின் உமிழ்வு வரம்பைச் சர்வதேச வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. உங்கள் பகுதிக் கோபுரம் விதிக்கு உட்பட்டதா என்று தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கைபேசியும் கோபுரமும் பயன்படுத்தும் ரேடியோ அலைகளைப் ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற பிரிவில் 2011இல் வைத்தது உண்மை. அது முக்கியமாகக் கைபேசியைக் காதோடு ஒட்டி நெடுநேரம் பேசுவதைப் பற்றிய, உறுதிப்படாத ஐயத்தால் வைக்கப்பட்டது. இயர்போனில் பேசினால் அந்த ஐயமும் பெருமளவு நீங்கும். கர்ப்ப காலத்தில் உங்களுக்கு வேண்டியது மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், காலுக்கு ஒரு சிறு பலகையும், இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் எடுப்பதும்தான்.

கேள்வி: கணினி முன் அமர்ந்தால் வரும் என் தொல்லைகளை மேலாளரிடம் சொன்னால் ‘வேலை செய்ய விருப்பமில்லை, அதனால் சாக்கு சொல்கிறாய்’ என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், அரூர்

பதில்: ‘எனக்குக் கதிர்வீச்சு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லாதீர்கள், அதற்கு அவரால் எதுவும் செய்ய முடியாது, அதனால்தான் எரிச்சல் வருகிறது. ‘என் கணினிப் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, எர்த் சோதிக்க வேண்டும்’, ‘ஏ.சி. காற்று நேராகக் கண்ணில் அடிக்கிறது, இருக்கையை மாற்ற வேண்டும்’ என்று அவர் செய்யக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் கேளுங்கள். அரசு அலுவலகமானால் மின் பணிகளைக் கவனிக்கும் பொதுப்பணித் துறையின் மின் பிரிவுக்குக் கடிதம் அனுப்பச் சொல்லலாம்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் தொல்லை தொடர்ந்தால், மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ செல்வதில் வெட்கம் வேண்டாம். சிந்தனை முறையைச் சீரமைக்கும் பேச்சு சிகிச்சை இத்தகையவர்களில் சிலருக்கு நிவாரணம் தந்திருக்கிறது. ஆனால் திடீரென்று பார்வை மங்கினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, வாழ்நாளில் காணாத தலைவலி வந்தாலோ நோட்டில் குறித்துக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எர்த் பற்றிய கோரிக்கையை மட்டும் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அது சரிசெய்யப்படும் வரை கணினி முன் ரப்பர் செருப்புடன் அமருங்கள். ஈரக் கையால் பெட்டியைத் தொடாதீர்கள்.