மாடல் இருக்கும்போது டிராயிங் எதற்கு?

கேள்வி: 6204 பேரிங் உட்காரும் ஹவுசிங் ஒன்றை கம்ப்யூட்டரில் த்ரீ-டி மாடலாகச் செய்து, எஸ்.டி.எல். ஃபைலாக லேத் பட்டறைக்கு அனுப்பினேன். டிராயிங் இல்லாமல் வேலையில் கை வைக்க மாட்டோம் என்கிறார்கள். மாடலிலேயே எல்லா அளவும் இருக்கிறதே?

பதில்: பட்டறைக்காரர் கேட்பது நியாயம்தான். எஸ்.டி.எல். வெறும் முக்கோணங்களின் தொகுப்பு. அது மில்லிமீட்டரா அங்குலமா என்பதுகூட ஃபைலில் இருக்காது. பேரிங் உட்காரும் உங்கள் 47 மி.மீ. துளை அதில் வட்டமே அல்ல, பலகோணம். 24 பக்கமாக ஏற்றுமதியாகியிருந்தால், எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே சுமார் 46.6 மி.மீ.தான் இருக்கும். த்ரீ-டி பிரிண்டரில் மாதிரி எடுத்துப் பார்க்க அது போதும். சி.என்.சி.க்கு (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷினுக்கு) என்றால் ஸ்டெப் என்ற வகை ஃபைல் கொடுங்கள். உருளை உருளையாகவே போகும்.

ஆனால் ஸ்டெப் ஃபைலிலும் பொதுவாக 47.000 என்ற அளவு மட்டும்தான் போகும், எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பது போகாது. பேரிங் ஹவுசிங்குக்கு அதுதான் உயிர். டிராயிங்கில் 47 ஹெச்7 என்று போட்டால் (ஹெச்7 என்பது துளை எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறி) 47.000 முதல் 47.025 வரை. ஒன்றும் போடாமல், மூலையில் ஐ.எஸ்.ஓ. 2768-எம் (தனியாகக் குறிக்காத அளவுகளுக்கான பொது விதி) என்று மட்டும் இருந்தால் ±0.3 மி.மீ. அனுமதி. 47.3-க்குக் கடைந்து கொடுத்தாலும் அவர் மீது குற்றமில்லை. பேரிங்கின் வெளி வளையம் உள்ளே சுற்ற ஆரம்பித்துவிடும்.

போல்ட் துளைகளின் அளவுகளைச் சங்கிலியாகக் கொடுக்காதீர்கள். 25, 25, 25, 25 என்று கொடுத்தால் அதே 2768-எம் படி ஒவ்வொன்றிலும் ±0.2, கடைசித் துளை ±0.8 வரை தள்ளிப்போகும். எல்லாவற்றையும் ஒரே விளிம்பிலிருந்து கொடுத்தால் 100-ல் ±0.3-உடன் நிற்கும்.

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர் டிராயிங்கைப் பார்த்துச் செய்த பிராக்கெட் இடவலம் மாறி வந்துவிட்டது. அளவெல்லாம் சரி. எங்கே தவறு?

பதில்: அமெரிக்காவில் தேர்டு ஆங்கிள்: வலப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கமே வரைவார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் கற்றுத்தருவது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அதே தோற்றம் இடப்பக்கம் வரும். டிராயிங்கின் விவரக் கட்டமான டைட்டில் பிளாக்கில், எந்த முறை என்று காட்டும் கூம்புக் குறியைப் பார்த்துவிட்டுத்தான் மெட்டீரியலை வெட்ட வேண்டும். உங்கள் டிராயிங்கை வெளியே அனுப்பும்போது காலி மூலையில் மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரியும் ஓர் ஐசோமெட்ரிக் படத்தையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கையால் ஸ்கெட்ச் போடுவது இன்னும் தேவையா?

பதில்: தேவை, முதல் கட்டத்தில். நாலைந்து யோசனைகளைப் போட்டுக் கிழிக்கப் பென்சில்தான் வசதி. மாடல் செய்துவிட்டால், உழைப்பை வீணாக்க மனம் வராமல் மோசமான யோசனையையே பிடித்துத் தொங்குவோம்.