ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இங்கிலீஷில் பேச வைப்பது எப்படி?

பள்ளத்தூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆறாம் வகுப்பில் 38 பேர். பாடத்தை வாசிக்கச் சொன்னால் கடகடவென்று வாசிக்கிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. ப்ரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு எதுவும் கிடையாது, போர்ஷனும் முடித்தாக வேண்டும். 40 நிமிட பீரியடில் என்ன மாதிரி வகுப்பு எடுக்கலாம்?”

டீச்சர், நாம் வகுப்பில் கேட்கிற கேள்விகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேனாவைத் தூக்கிக் காட்டி “வாட் இஸ் திஸ்?” என்கிறோம். அது பேனா என்று நமக்கும் தெரியும், வகுப்பு முழுக்கத் தெரியும், அப்புறம் அந்தப் பிள்ளை எதற்காக மெனக்கெட்டு வாயைத் திறக்க வேண்டும்? ஒருத்திக்குத் தெரிந்தது பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்கினால்தான் கையில் இருக்கும் வேலை முடியும் என்றும் இருக்க வேண்டும். அப்படி ஒரு நிலைமையை உண்டாக்கிவிட்டால் பிள்ளைகள் பேசுவார்கள், தப்பும் தவறுமாகத்தான், ஆனால் பேசுவார்கள்.

பூப்போட்ட தரை டைலுக்குப் பேர்போன ஆத்தங்குடி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் முதல் வகுப்பை டைலில் ஆரம்பியுங்கள். உங்கள் பிள்ளைகள் தினமும் மிதித்து நடக்கிற பூக்கல், வட்டம், சதுரம், நட்சத்திரம், மூலைக்கு மூலை இலை என்று அத்தனையும் அதில் இருக்கிறது. நாலைந்து டிசைன்களை எளிமையாக்கி அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். ஒருத்தி கையில் அட்டை, இன்னொருத்தி கையில் வெறும் கட்டம் போட்ட காகிதம். அட்டை வைத்திருப்பவள் சொல்லச் சொல்ல மற்றவள் வரைய வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, தமிழில் சொல்லக் கூடாது.

அதற்கு முன்னால் பத்து நிமிடம் கரும்பலகையில் நீங்களே ஒரு டைலை வரைந்து காட்டுங்கள்: “ட்ரா எ பிக் சர்க்கிள் இன் த மிடில்”, “புட் எ ஸ்மால் லீஃப் இன் ஈச் கார்னர்”. இந்த மாதிரி ஆறேழு வாக்கியம் போதும், அழிக்காமல் ஓரத்தில் விட்டுவிடுங்கள். அப்புறம் வேலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் சிரிப்பும் கிசுகிசுப்புமாகத்தான் போகும். பிறகு ஒருத்தி “சர்க்கிள்” என்று மட்டும் சொல்வாள், பின்னால் இருப்பவள் பென்சிலை வைத்துக்கொண்டு திணறுவாள், பெரிய வட்டமா சின்ன வட்டமா, நடுவிலா ஓரத்திலா என்று தெரியாமல் கை ஓடாது. பொறுக்க முடியாமல் “பிக்? ஸ்மால்?” என்று கேட்பாள் பாருங்கள், அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும். யாரும் கேட்கச் சொல்லாமல் அவளாகக் கேட்ட கேள்வி அது. கடைசியில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே மாறிப்போச்சு, எந்த வார்த்தை இல்லாததால் மாறிப்போச்சு என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த வார்த்தைகளைத்தான் மறுநாள் சொல்லித்தர வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டு வகுப்பறைக்குத்தான் சரிப்படும், நம் ஊருக்கு ஒத்துவராது என்று சக ஆசிரியர்கள் சொன்னால் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ்.பிரபுவின் வேலையை எடுத்துச் சொல்லுங்கள். பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களில் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் 1979 முதல் 1984 வரை அவர் நடத்திய திட்டம் உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றைக்கும் பேசப்படுகிறது. இலக்கணத்தை வரிசையாக நடத்துவதை விட்டுவிட்டு, மேப், ரயில் கால அட்டவணை மாதிரியானவற்றை வைத்து, யோசித்துத் தீர்க்க வேண்டிய வேலைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து அப்படி ஒரு வேலையைச் செய்து காட்டுவார், அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்ய வேண்டும். வெறுமனே தகவலைக் கைமாற்றுகிற வேலையைவிட, இருக்கிற தகவலை வைத்து யோசித்து முடிவு எடுக்கிற வேலையில்தான் பிள்ளைகள் அதிகம் ஒன்றுகிறார்கள் என்பது அவர் கண்டது. என் அனுபவமும் அதுதான்.

அதை நீங்கள் காரைக்குடி பஸ் ஸ்டாண்டை வைத்தே செய்யலாம். ஊருக்குப் போய்வருகிற பிள்ளைகள் யாரையாவது பத்துப் பன்னிரண்டு பஸ்களின் நேரத்தைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், திருமயம், புதுக்கோட்டை, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று கலந்து இருக்கட்டும். கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுக் கேளுங்கள்: திருமயத்தில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம், அப்பத்தாவால் வேகமாக நடக்க முடியாது, மண்டபத்துக்கு நடக்க அரைமணி ஆகும், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும்? ஏன் அதற்கு முந்தின பஸ் வேண்டாம்? கேள்வியை இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும். குழுவுக்குள் பிள்ளைகள் தமிழில் விவாதித்தால் விட்டுவிடுங்கள், பதிலையும் காரணத்தையும் மட்டும் இங்கிலீஷில் வாங்குங்கள். தமிழ் பேசினால் அபராதம் என்று சட்டம் போடுகிற வகுப்புகளில் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசுவதில்லை, மௌனமாகிவிடுகிறார்கள், இதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன், அந்த வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வீடு. முகப்பு, வளவு (நடு முற்றம்), பட்டாலை, இரண்டாம் கட்டு என்று ஒரு செட்டிநாட்டு வீட்டின் படத்தைத் தரையில் சாக்பீஸால் போடுங்கள். ஆச்சியின் சாவிக்கொத்து எங்கேயோ தொலைந்துவிட்டது, இடம் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் “இஸ் இட் நியர் த பில்லர்?”, “இஸ் இட் பிஹைண்ட் த டோர்?” என்று கேட்க வேண்டும், அவன் எஸ், நோ மட்டும் சொல்வான். வளவை வளவு என்றே சொல்லட்டும், “இஸ் இட் இன் த வளவு?” என்று கேட்டால் அது நல்ல வாக்கியம்தான். ‘இன்’, ‘ஆன்’, ‘அண்டர்’, ‘பிஹைண்ட்’ எல்லாம் பொருளுக்கு முன்னால் வந்து நிற்பது நம் பிள்ளைகளுக்குப் புதுசு, தமிழில் ‘கதவுக்குப் பின்னால்’ என்று பின்னால்தானே வருகிறது. அட்டவணை போட்டு விளக்குவதைவிட இப்படி நாற்பது தடவை கேட்டால் தானாகப் படிந்துவிடும்.

எழுத்து வேலைக்கு மறுபடியும் ஆத்தங்குடிக்கே போகலாம். அங்கே டைல் செய்வது இப்படி: கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் கலர் சிமெண்டுக் கரைசல், அச்சை எடுத்துவிட்டு மேலே சிமெண்டும் மணலும், அப்புறம் காய வைத்துத் தண்ணீரில் ஊறப்போடுவது. சூளையே கிடையாது. இந்த வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அவனை முன்னால் நிறுத்தி நடித்துக் காட்டச் சொல்லுங்கள், மற்றவர்கள் ‘ஃபர்ஸ்ட்’, ‘தென்’, ‘ஆஃப்டர் தட்’ வைத்து ஐந்து வரி எழுதட்டும். பரீட்சையில் கடைசி பெஞ்சில் இருப்பவன் அன்றைக்கு வகுப்புக்கே தெரியாத விஷயம் தெரிந்தவனாக நிற்பான்.

திருத்துவது பற்றி. பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் புகுந்து திருத்தாதீர்கள். “மை ஃபாதர் டிரைவர்” என்று சொன்னால் அது கவனக்குறைவு கிடையாது, ‘எங்கப்பா டிரைவர்’ என்பதில் வினைச்சொல்லே வராது, அந்த வழக்கம்தான் இங்கேயும் வருகிறது. நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பேர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, என்ன விட்டுப்போச்சு என்று எல்லாரையும் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தப்பு போதும்.

வேண்டாதவை: ‘ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால்’ சார்ட், எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்கிற டயலாக். ஆண்டுவிழா மேடைக்கு அது அழகாக இருக்கும், பேச்சு அதில் வராது.

போர்ஷன் கவலை நியாயமானது, ஆனால் இதற்கென்று தனி பீரியட் தேடாதீர்கள். பாடத்தில் இருக்கிற ஒரு பத்தியை எடுத்து வாசல் சுவரில் ஒட்டுங்கள். குழுவில் ஒருத்தன் ஓடிப் போய் ஒரு வரியை மனதில் ஏற்றிக்கொண்டு வந்து சொல்ல வேண்டும், மற்றவர்கள் எழுத வேண்டும், அடுத்த வரிக்கு அடுத்தவன் ஓடணும். பத்தி முடியும்போது அந்தப் பாடப் பகுதி வாசித்து, கேட்டு, சொல்லி, எழுதி எல்லாம் ஆகியிருக்கும். சத்தம் வரும், ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுங்கள்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஒரு பீரியட் மட்டும் இப்படி எடுங்கள். 38 பேரில் நாலைந்து பேர் அப்போதும் பேச மாட்டார்கள். அவர்களைத் தனியாக எழுப்பிக் கேட்காமல், டைல் வேலையில் வரைகிற பக்கத்தில் உட்கார வையுங்கள். கேட்டு வரைந்து பழகின பிறகு, அட்டையை அவர்கள் கையில் கொடுக்கலாம்.