காத்திருப்பு அறை ஸ்பீக்கர்: யாருக்கு அனுமதி?

வணக்கம். உங்கள் கிளினிக்கில் வருகிறவர்கள் தங்கள் ஐபோனிலிருந்தே ஹோம்பாட் (ஆப்பிள் ஸ்பீக்கர்) ஒலியைக் கூட்டிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். காய்ச்சலோடு தாய் மடியில் உறங்கும் குழந்தை அந்தச் சத்தத்தில் வீறிட்டு எழுவதை நானும் பார்த்திருக்கிறேன். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் ஐபோனின் ஹோம் செயலியில் வீட்டு அமைப்புகளுக்குள் (கிளினிக்கையும் அது ‘வீடு’ என்றே சொல்லும்) ஸ்பீக்கர், டிவி அனுமதி என்றொரு பகுதி இருக்கிறது. எல்லோரும், ஒரே வைஃபையில் இருப்பவர்கள், இந்த வீட்டைப் பகிர்பவர்கள் மட்டும் என 3 தேர்வுகள். மூன்றாவதை வையுங்கள், நம்பிக்கையான ஊழியர் இருவரை மட்டும் அந்த வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைஃபை கடவுச்சொல்லை வரவேற்பு மேசையில் ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கிழித்துவிட்டு, புதிய கடவுச்சொல் வையுங்கள். வருகிறவர்களுக்குத் தனி விருந்தினர் இணைப்பு போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: ஸ்பீக்கரின் மேற்புறத்தில் உள்ள +, − குறிகளைத் தொட்டாலும் ஒலி மாறும். கைக்கெட்டாத அலமாரியில் ஏற்றிவிடுங்கள்.