குடியேற்றமும் கார்ட்டூனும்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

நீலகிரிப் பள்ளிகளில் குடியேற்றம் பற்றிக் கார்ட்டூன் கண்காட்சி வைக்கப்போகிறவர்கள் கேட்டவை இவை. ஆளுக்கொரு அளவில்தான் பதில் இருக்கும்.

குன்னூர் ஆசிரியை: ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே ஒரு படம்தான் காட்ட முடியும் என்றால் எது சார்?

1893 ஜனவரியில் அமெரிக்காவின் 'பக்' கேலிச்சித்திர இதழில் ஜோசப் கெப்ளர் வரைந்தது. கப்பலிலிருந்து மூட்டையோடு ஒருவன் இறங்குகிறான். கோட்டும் தொப்பியுமாகப் பணக்காரர்கள் கையை நீட்டி மறிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் விழும் நிழல்களோ கந்தலும் மூட்டையுமாக வந்திறங்கிய பழைய குடியேறிகள். தாங்களும் தங்கள் அப்பன்மாரும் கடந்து வந்த பாலத்தைத்தான் அடைக்கப் பார்க்கிறார்கள் என்கிறது அடிவரி. கெப்ளரே வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போனவர்.

வகுப்பில் முதலில் நிழல்களைத் தாளால் மறைத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் பேசி முடித்ததும் தாளை எடுங்கள். அடிவரி கடைசியில் வரட்டும். முதலிலேயே படித்துக் காட்டினால் படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பெரிய கோப்பாகத் தேடி எடுங்கள். ஏ3 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவுக்கு 3508 x 4961 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சடித்தால் நிழல் வெறும் கறுப்புத் திட்டாகிவிடும், பாடமே போச்சு. நம் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் இங்க்ஜெட் மை ஊறும். லேசர் அச்சாகப் போடுங்கள். தலைப்பையும் தேதியையும் மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

ஊட்டி கல்லூரி மாணவர்: அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் தாமஸ் நாஸ்ட் குடியேறிகளுக்கு ஆதரவா, எதிரா? ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஒரு வரியில் முடியாது தம்பி. 1871 பிப்ரவரியில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் அவர் வரைந்த படத்தில், அமெரிக்காவின் உருவகமான கொலம்பியா, குந்தியிருக்கும் ஒரு சீனரைக் கும்பலிடமிருந்து காத்து நிற்கிறாள். பின்சுவரில் சீனர்களை ஏசும் சுவரொட்டிகள். அந்தச் சுவர் எழுத்தை மட்டும் வெட்டியெடுத்து 'நாஸ்டின் வெறுப்பு' என்று சிலர் பரப்புகிறார்கள். அது அவர் கேலி செய்த பேச்சு, அவருடைய பேச்சு அல்ல.

அதே ஆண்டு செப்டம்பரில், அதே இதழில், அதே கை வரைந்ததைப் பாருங்கள்: குடித்துவிட்டு வெடிமருந்துப் பீப்பாய்மேல் உட்கார்ந்திருக்கும் ஐரிஷ்காரன், குரங்கு முகத்தோடு. மாதக் கடைசியில் இன்னொன்று. கரையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளை நோக்கி முதலைகள் ஊர்ந்து வருகின்றன. உற்றுப் பார்த்தால் கத்தோலிக்க ஆயர்களின் தலைப்பாகைதான் முதலைவாய். அதன் தலைப்பில் நம் கங்கை வருகிறது. இந்தியத் தாய்மார் குழந்தைகளைக் கங்கை முதலைகளுக்கு எறிகிறார்கள் என்று அக்கால மிஷனரிப் பிரசுரங்கள் பரப்பிய கதையை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டார். ஐரிஷ் கத்தோலிக்கர்களைத் திட்ட நம்மையும் சேர்த்து ஒரு சாத்து!

சீனருக்குப் பரிவு, ஐரிஷ்காரருக்குக் குரங்கு முகம். அவரும் ஜெர்மனியில் பிறந்து சிறுவனாக வந்தவர்தான். ஆகவே 'ஓவியர் யார் பக்கம்' என்று கேட்காமல், 'இந்தப் படம், இந்தத் தேதியில், யாரை' என்று கேளுங்கள்.

அரவங்காடு: கெப்ளர் படம் குடியேறிகளைக் கேலி செய்கிறதா?

மேலே முதல் பதில். நிழலைப் பாருங்கள்.

கொடைக்கானல்: சீன முகமுள்ள ஆக்டோபஸ் படம் அமெரிக்காவா?

ஆஸ்திரேலியா. பில் மே, 'புல்லட்டின்' இதழ், 1886 ஆகஸ்ட். ஒவ்வொரு கைக்கும் ஒரு சீட்டு: மலிவுக்கூலி, அபின், அம்மை, இன்னபிற. நீங்கள் அனுப்பிய பிரதியில் தலைப்பை வெட்டியிருக்கிறார்கள், அதனால்தான் நாடே மாறிப்போனது. அமெரிக்காவில் தேடுகிறீர்கள் என்றால் 1881 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ 'வாஸ்ப்' இதழில் கெல்லர் வரைந்தது. சுதந்திர தேவி சிலை நிற்கவேண்டிய இடத்தில் அபின் குழாயோடு ஒரு சீனர். உண்மையான சிலை 1886இல்தான் திறக்கப்பட்டது. சீனர் நுழைவுத் தடைச் சட்டம் 1882இலேயே வந்துவிட்டது.

வெலிங்டன்: கெப்ளர் படத்தில் இருப்பது இனவெறிதானே?

நிழல். நிழல். நிழல்.

கூடலூர் ஆசிரியர்: இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களைப் பற்றி எங்கள் பிள்ளைகள் வரைந்திருக்கிறார்கள். கடலில் தத்தளிக்கும் படகு, முகம் தெரியாத கூட்டம், கரையில் தேயிலைத் தோட்டம். சரியா சார்?

படகும் தப்பு, கூட்டமும் தப்பு. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு, பெரும்பாலும் தலைமன்னாரில் பயணிகள் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள்.

கோத்தகிரி வாசகர் குறுக்கிட்டு: கார்ட்டூனில் மிகைப்படுத்தல் சகஜம் சார். உணர்வுதானே முக்கியம்?

மூக்கை நீட்டலாம், ஆளை மாற்றக்கூடாது. முகமில்லாக் கூட்டத்தை யார் வரைந்து வந்தார்கள் என்று பாருங்கள். 1903இல் 'ஜட்ஜ்' இதழ் குடியேறிகளைப் பேரலையாக வரைந்து, அமெரிக்க அரசின் உருவகமான அங்கிள் சாமைப் பாறையில் ஏற்றிவிட்டது. 2015இல் லண்டன் 'டெய்லி மெயில்' நிழலுருவங்களாக எல்லை கடப்பவர்களின் காலடியில் எலிகளை ஓடவிட்டது. பரிவோடு வரைகிற பிள்ளைகள் அந்தப் பழைய சரக்கையே கையில் எடுக்கலாமா?

கூடலூர் ஆசிரியர்: ஊரில் இன்னும் 'சிலோன் அகதி' என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்வார்கள். ஊர் வாயைக் கார்ட்டூனுக்குள் கொண்டுவரலாம், பேசுகிறவன் வாயில் வைத்து. உங்கள் தலைப்பாக வைக்காதீர்கள். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் வேறு. அவர்களுக்குப் படகு பொருந்தும்.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், அங்கே தோட்ட வேலைக்குப் போன இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் 9,75,000 பேரைப் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மீதியை ஆளுக்குப் பாதி, 75,000. இதைவிடப் பெரிய கார்ட்டூன் வேண்டுமா? ஒரு மேசை, இரண்டு பிரதமர்கள், நடுவில் தராசு. தட்டில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகம் போடுங்கள். ஒருத்தி கையில் கொழுந்துக்கூடை, ஒருவன் கையில் பள்ளிப் பை. பெயர்ச்சீட்டு மேசைக்காரர்களுக்கு மட்டும். இரண்டு சீட்டுக்குமேல் போனால் படம் அரசாணை மாதிரி ஆகிவிடும். கரையில் தோட்டம் வேண்டுமானால் இருக்கட்டும். அவர்களுக்காக அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1968இல்.

கோத்தகிரி வாசகர்: அப்படியானால் பிரான்சின் 'ஷார்லி எப்தோ' கேலி இதழ் போட்ட, கடலில் மூழ்கி இறந்த சிரிய அகதிக் குழந்தை அய்லான் படம்?

2015இல் கரையில் கிடந்த குழந்தை, பக்கத்தில் 'ஒன்றின் விலைக்கு இரண்டு' என்று மெக்டொனால்ட்ஸ் விளம்பரப் பலகை. ஐரோப்பாவின் நுகர்வு மோகத்தைக் குத்தியது என்று ஒரு கட்சி, செத்த பிள்ளையைக் கிண்டலடித்தது என்று ஒரு கட்சி. என் கணக்கில் முதல் வாசிப்புதான் சரி. ஆனால் விளக்கவுரை இல்லாமல் கடல் தாண்டாத படம் அது. பள்ளிச் சுவருக்கு வேண்டாம்.

குந்தா: பாரதியாரின் 'இந்தியா' இதழ்க் கார்ட்டூன்கள்?

தனிக் கடல். இங்கே திறக்க மாட்டேன்.

குன்னூர் ஆசிரியை: இவற்றை அச்சிட அனுமதி வாங்க வேண்டுமா?

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கெப்ளர் 1894, நாஸ்ட் 1902, பில் மே 1903இல் இறந்தார்கள்; தாராளமாக அச்சிடலாம். 2015 படங்களுக்கு உரிமை உண்டு.