கத்தரி, மிளகாய் விதைக்கும் பூச்செடிக் குச்சிக்கும் மண்ணை வேகவைத்துத்தான் ஆக வேண்டுமா?

தொட்டியில் போடும் காய்கறி விதைக்குக் கட்டாயம் செய்யுங்கள். இரண்டு இலை விட்ட நாற்று மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து, நீர் கோத்த நிறத்தில் சாய்ந்தால் அது நாற்றழுகல்; மண்ணில் இருக்கும் பித்தியம், ரைசோக்டோனியா பூஞ்சைகளின் வேலை. நம் காவிரி டெல்டா களிமண் ஈரத்தை விடாது என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம்.

கொஞ்சம் மண் என்றால் ஒரு பழைய இட்லிப் பானை போதும். பாதிக்குப் பாதி மணல் கலந்து, கையில் பிடித்தால் உருண்டு தட்டினால் உதிரும் ஈரத்தில் துணியில் கட்டி ஆவியில் வையுங்கள். நடுமண் 80 டிகிரி செல்சியஸ் தொட்ட பிறகு அரை மணி நேரம், அவ்வளவுதான். கூடுதலாக வெந்தால் நல்லது என்று மணிக்கணக்கில் விடாதீர்கள், மாங்கனீசு அளவுக்கு மேல் கரைந்து நாற்றையே கெடுக்கும். நாற்றங்கால் முழுவதற்கும் என்றால் கத்திரி வெயில்தான் வழி: நன்றாக நனைத்து, உள்ளே தெரிகிற பாலித்தீன் தாளை (கறுப்பு வேண்டாம்) போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடி 4 முதல் 6 வாரம் விடுங்கள்.

வெந்த மண்ணில் முதலில் நுழையும் பூஞ்சை வேகமாகப் பரவிவிடும். அதனால் ஆறியதும், நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலந்துவிடுங்கள், சூட்டில் கலந்தால் அதுவும் செத்துப்போகும். தொட்டியையும் கழுவிக் காயவையுங்கள்.

மல்லிகை, நந்தியாவட்டைக் குச்சிகளுக்கு உரம் சேர்க்காத, கழுவிய ஆற்று மணல் நல்லது. பூவரசு, கிளுவைப் போத்துக்கு (நட வெட்டிய கிளைக்கு) இதெல்லாம் தேவையே இல்லை, வேலியோரம் ஊன்றினால் வந்துவிடும்.