மேட்டுக்கு மட்டும் ஒரு கை: இ-ரோடு பைக் கேள்வி பதில்

போன இதழ்ல, முட்டி வலிக்கு பயந்து நான் வளைஞ்ச ஹேண்டில்பார் வெச்ச மின்சைக்கிளுக்கு, அதான் இ-ரோடு பைக்குக்கு, மாறின கதைய நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. பேர் போட வேணாம்னு பாதி பேர் சொல்லிட்டதால எல்லாருக்கும் ஊர் மட்டும் போடறேன்.

முகப்பேர்: வயசு 46. சனிக்கிழமை ஈசிஆர்ல குரூப்பா போறோம், எல்லாரும் 30, 32ல மெதிக்கறாங்க, நான் மட்டும் வாலு. இ-ரோடு பைக் வாங்கினா அவங்கள புடிச்சிரலாமா?

புடிக்க முடியாதுங்க. காசு செலவழிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். நம்ம ஊரு சட்டப்படியும் ஐரோப்பா சட்டப்படியும் மோட்டார் உதவி 25 கி.மீ. வேகத்தோட நின்னுரும், அதுக்கு மேல நீங்களும் உங்க தொடையும்தான். அவங்க 30ல போனா உங்க மோட்டார் சும்மா சவாரி வந்துட்டிருக்கும், சமதரைல அந்த மூணு நாலு கிலோ கூடுதல் எடை பெருசா உறுத்தாது, ஆனா உதவியும் இருக்காது. அமெரிக்காவுல 32, 45 வரைக்கும் உதவி தர்ற வகைகள் இருக்கு, அந்த வீடியோவ பாத்துட்டு இங்க வந்து ஏமாந்தவங்கள எனக்கே தெரியும். உங்களுக்கு இது எங்க கைகொடுக்கும்னா, திரும்பி வரும்போது காத்து மூஞ்சில அடிச்சு வேகம் 20, 21க்கு இறங்கும் பாருங்க அப்பவும், மேம்பாலம் ஏறும்போதும், சிக்னல்ல நின்னு கெளம்பும்போதும்தான். அதுக்காகவே வாங்கலாம். முப்பதுக்காக வாங்காதீங்க.

வாணியம்பாடி: ஏலகிரி ஏறணும்னு ஆசை. 250 வாட் அவர் பேட்டரி போதுமா? கடைக்காரர் "100 கி.மீ. வரும்"னு சொல்றார்.

வாட் அவர்ங்கறது பேட்டரில எவ்ளோ சக்தி அடங்கும்ங்கற அளவு. கி.மீ. கணக்க மறந்துருங்க, மேட்டுக்கு உயரக் கணக்குதான். நீங்க, சைக்கிள், தண்ணி பாட்டில் எல்லாம் சேத்து 90 கிலோன்னு வெச்சுக்குவோம், அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும் சுமார் 700 மீட்டர் உயரம். இந்த எடைய அவ்ளோ உயரத்துக்கு தூக்கவே 170 வாட் அவர் சக்தி வேணும். அதுல பாதிய நீங்க மெதிச்சு, பாதிய மோட்டார்கிட்ட விட்டீங்கன்னா அது 85 குடுக்கணும், மோட்டார்ல சூடா போற நஷ்டத்தையும் சேத்தா பேட்டரில இருந்து 110 பக்கம் போகும். ஆக ஒரு தடவை ஏறிட்டு பாதிக்கு மேல மிச்சம் வெச்சுகிட்டே இறங்கலாம். எல்லாத்தையும் மோட்டார் தலைல கட்டிட்டு காலை சும்மா சுத்தினா, 14 வளைவுல கடைசி ரெண்டு மூணுல லைட் செவப்பாகிரும், அப்புறம் அந்த புலவர்கள் பேரையும் வள்ளல்கள் பேரையும் எழுத்துக் கூட்டி படிச்சுகிட்டே தள்ளிட்டுதான் போகணும். கடைக்காரர் சொன்ன 100 பொய்னு சொல்ல மாட்டேன், சமதரைல பாதி நேரம் 25க்கு மேல போனா மோட்டார் ஓடவே ஓடாது, அப்ப பேட்டரி ஏன் தீரப் போகுது.

இறங்கும்போது பேட்டரில திரும்ப சார்ஜ் ஏறுமான்னும் கேட்டிருக்கீங்க. இந்த வகை வண்டில பெரும்பாலும் ஏறாது. பிரேக் பேடுதான் தேயும்.

அண்ணா நகர்: லைசென்ஸ் வேணுமா? 25 கி.மீ. வேக லாக்க எடுத்து விட்டுடறேன்னு தெரிஞ்ச பையன் சொல்றான், செய்யலாமா?

மோட்டார் 250 வாட்டுக்குள்ள, உதவி 25ல நிக்கணும், மெதிக்கறத நிறுத்தினா மோட்டாரும் நிக்கணும். இப்படி இருந்தா அது மோட்டார் வாகனக் கணக்குலயே வராது, லைசென்ஸ், நம்பர் பிளேட் ஒண்ணும் வேணாம். லாக்க எடுத்த நிமிஷம் அது பதிவு பண்ணாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி, யார் மேலயாவது இடிச்சா கதை கந்தலாகிரும். வாரண்டியும் போச்சு. அந்தப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க.

சோழிங்கநல்லூர்: பின் சக்கரத்துக்குள்ள மோட்டார் இருக்கற வண்டி. வழில பங்சர் ஆனா நானே சரி பண்ண முடியுமா?

இந்தக் கேள்விக்கு பதில ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு யாராவது சொல்லித் தந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல முட்டுக்காடு தாண்டி பின் டயர் புஸ்ஸுன்னு போச்சு, தள்ளிகிட்டே வந்து ரோட்டோரம் ஒரு பங்சர் கடைல விட்டேன். கடைத் தம்பி பழக்க தோஷத்துல நட்ட கழட்டி சக்கரத்த பட்டுன்னு கீழ உருவினான். சக்கரம் பாதி வந்து தொங்குது, விரல் கனத்துக்கு ஒரு கறுப்பு ஒயர் ஃபிரேம்ல இருந்து விறைச்சுகிட்டு நிக்குது. "அண்ணே, இது என்னண்ணே குடல் மாதிரி"ன்னான். எனக்கு உயிரே போச்சு. நல்லவேளை ஒயர் அறுகல, ஆனா கனெக்டர் உள்ள ஒரு பின் வளைஞ்சு, அன்னிக்கு முழுக்க மோட்டார் இல்லாமயே வீடு வந்து சேந்தேன்.

வரிசை இதுதான்: மொதல்ல மோட்டார ஆஃப் பண்ணுங்க. பின் சக்கரத்துகிட்ட ஃபிரேம் குழாய் ஓரமா அந்த ஒயர் கனெக்டர் இருக்கும், அதத் திருகாம நேரா இழுத்து பிரிங்க, பிளக்ல அம்புக்குறி போட்டிருப்பான், திரும்ப மாட்டும்போது அம்பும் அம்பும் பாத்துக்கணும். அதுக்கப்புறம்தான் ஆக்சில் நட். நட்டுக்கு கீழ பல்லு வெச்ச ஒரு வாஷர் இருக்கும், மோட்டார் சுத்தற வேகத்துல ஆக்சில் தானா திரும்பிராம புடிச்சுக்கறது அதுதான், எந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு கழட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துருங்க. அந்த நட்டுக்கு சரியான ஸ்பேனர் உங்க சீட் பைல இருக்கணும், சாதா ரோடு பைக் மாதிரி லீவர தட்டினா கழண்டு வராது. இந்த வம்பே வேணாம்னா டியூப்லெஸ் போட்டு சீலன்ட் ஊத்திருங்க, சின்ன முள்ளு, ஆணி எல்லாம் அதுவே அடைச்சுக்கும், நம்ம வெயிலுக்கு மட்டும் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் காஞ்சிருச்சான்னு பாக்கணும்.

இன்னொண்ணு, மோட்டார் சக்கரத்துல ஸ்போக்ஸ் மேல சுமை ஜாஸ்தி. புது வண்டின்னா மொத 300 கி.மீ.ல ஒருதரம் கம்பி இறுக்கம் பாக்க குடுங்க. ஒவ்வொரு கம்பியா விரலால சுண்டிப் பாருங்க, ஒரே பக்கத்துல ஒண்ணு மட்டும் தொளதொளன்னு சத்தம் குடுத்தா அதுதான் அடுத்து உடையப் போறது.

நாகர்கோவில்: கடல் பக்கம் வீடு. வாட்டர் சர்வீஸ் விடலாமா? துரு பயமா இருக்கு.

வாட்டர் சர்வீஸ் மட்டும் வேணாம், கையெடுத்து கும்பிடறேன். மழைல ஓட்டற அளவுக்கு இந்த வண்டிங்க தண்ணி தாங்கும், பிரஷர் கன் தண்ணி வேற சமாச்சாரம், அது பேரிங் சீல தள்ளிகிட்டு உள்ள பூந்துரும். நான் ஒருதரம் சோம்பேறித்தனமா பக்கத்து பைக் சர்வீஸ் கடைல விட்டுட்டு வந்தேன், தப்பு என்மேலதான், சார்ஜ் துவாரத்தோட ரப்பர் மூடிய சரியா அமுக்கல. ஒரு வாரம் கழிச்சு சார்ஜர் போட்டா லைட்டே எரியல. மூடியத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரு பின் மேல பச்சையா, செம்புப் பாத்திரத்துல களிம்பு ஏறுமே அதே மாதிரி பொடி. துவாரத்த மாத்தி வண்டி கைக்கு வர மூணு வாரம்.

வாளித் தண்ணி, பழைய துணி, கொஞ்சம் ஷாம்பு, அவ்ளோதான் குளியல். உங்க ஊர் உப்புக் காத்துக்கு வாரம் ஒருதரம் செயின தொடச்சு எண்ணெய் விடுங்க, விட்டுட்டு மேல இருக்கறத தொடச்சும் எடுங்க, இல்லேன்னா மணல் ஒட்டிகிட்டு உப்புத்தாள் மாதிரி பல்லத் தின்னுரும். மோட்டார் சக்கரத்துல இருந்தா செயினுக்கு உங்க கால் பலம் மட்டும்தான் போகுது. மோட்டார் பெடல் பக்கம் நடுவுல இருக்கற வண்டின்னா கால், மோட்டார் ரெண்டு பலமும் செயின் வழியாத்தான், சீக்கிரம் நீளும். செயின் எவ்ளோ நீண்டிருக்குன்னு காட்டற செயின் செக்கர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, 11, 12 ஸ்பீடுல 0.5 காட்டினா மாத்திருங்க, விட்டா பின் சக்கரத்துல இருக்கற பல்சக்கர அடுக்கு, அதான் கேசட், அதுவும் சேந்து போகும், அது செயின விட பல மடங்கு விலை.

திருச்சி: ஆறு மாசம் மகள் வீட்டுக்கு போயிட்டு வந்தேன். வண்டில சார்ஜ் ஏறவே மாட்டேங்குது.

போகும்போது பேட்டரி காலியா இருந்துச்சா? அதான் விஷயம். சும்மா நின்னாலும் உள்ள இருக்கற கன்ட்ரோல் போர்டு கொஞ்சம் கொஞ்சமா கரண்ட உறிஞ்சிகிட்டே இருக்கும். செல் வோல்டேஜ் ஒரு அளவுக்கு கீழ போயிட்டா, ஆபத்துன்னு அந்த போர்டே சார்ஜ ஏத்த விடாது. டீலர்கிட்டயே காட்டுங்க, சிலது மீளும், சிலது மீளாது. மொபைல் கடைல குடுத்து போர்ட பைபாஸ் பண்ணி ஏத்தறேன்னு சொன்னா தயவுசெஞ்சு வேணாம், தீப்புடிக்கற பொருள் அது. 36 வோல்ட் பேட்டரின்னா நிறைஞ்சா 42 வோல்ட்டுல நிக்கணும், கண்ட சார்ஜரும் அந்தக் கணக்குல நிறுத்தாது. இனிமே ஊருக்கு போறப்ப பாதி சார்ஜ்ல, வெயில் படாத ரூம்ல வெச்சுட்டு போங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் யாரையாவது எட்டிப் பாக்கச் சொல்லுங்க.

டொரன்டோ: குளிர்காலத்துல கராஜ்ல வெச்சு சார்ஜ் போடலாமா?

பூஜ்யத்துக்கு கீழ சார்ஜ் போடவே கூடாது, லித்தியம் உள்ள உலோகமா படிஞ்சு பேட்டரி நிரந்தரமா கெட்டுரும். பேட்டரிய கழட்ட முடியும்னா வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. ஃபிரேமுக்குள்ள பூட்டின வகைன்னா முழு சைக்கிளையும் ஹால்லதான் நிறுத்தணும், அம்மணிகிட்ட நீங்களே பேசிக்கோங்க.

சிங்கப்பூர்: ஊர்ல இருந்து என் இ-ரோடு பைக்க இங்க கொண்டு வந்து ஓட்டலாமா?

எடை 20 கிலோவுக்குள்ள, 250 வாட், 25 கி.மீ. எல்லாம் பொருந்தினாலும், அந்த ஊர் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவோட அங்கீகார முத்திரையும் நம்பர் பிளேட்டும் இல்லாம அங்க ஓட்ட முடியாது. ஓட்டறவருக்கு 16 வயசு ஆகியிருக்கணும், 2022ல இருந்து ஆன்லைன் தியரி டெஸ்ட்டும் பாஸ் பண்ணணும். நடைபாதைல ஏறக் கூடாது. அங்கீகாரம் உள்ளதா அங்கயே வாங்கறதுதான் நிம்மதி.

மதுரை: ஃப்ளைட்ல பெட்டில போட்டு எடுத்துட்டு போலாமா?

பயணிகள் விமானத்துல 100 வாட் அவர் வரைக்கும் பிரச்னை இல்ல, 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதி வேணும், அதுக்கு மேல கெடையாது. இந்த வகை வண்டில பேட்டரி 250 பக்கம் இருக்கும். பேட்டரி கழட்ட முடிஞ்சா அத வீட்ல விட்டுட்டு சைக்கிள மட்டும் கொண்டு போலாம், கொண்டு போய் என்ன பண்றதுன்னு கேக்காதீங்க. அதே காரணத்தால வெளிநாட்டுல இருந்து புது பேட்டரி வரவழைக்கறதும் லேசுப்பட்ட வேலை இல்ல, அதனால வாங்கும்போதே "இதுக்கு மாத்து பேட்டரி இங்க கெடைக்குமா"ங்கறத எழுத்துல வாங்கிக்கோங்க. நான் வாங்கல. இப்ப வருத்தப்படறேன்.

கோவை: 200 கி.மீ. பிஆர்எம் இதுல போலாமா? பதிமூன்றரை மணி நேரம் இருக்கே.

முடியாது. பிஆர்எம்ங்கறது குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், அதுல மனுஷ பலத்துல மட்டும் ஓடற வண்டின்னுதான் விதி. மோட்டார ஆஃப் பண்ணிட்டு ஓட்டறேன்னு சொன்னாலும் யார் நம்புவா? 2016ல பெல்ஜியத்துல நடந்த சைக்ளோகிராஸ் (சேறு, புல்வெளில ஓட்டற பந்தயம்) உலகப் போட்டில ஒரு இளம் வீராங்கனை சைக்கிளுக்குள்ள மோட்டார் சிக்கி ஆறு வருஷம் தடை வாங்கினாங்க. சவாரிய பதிவு பண்ற ஸ்ட்ராவா செயலில போடும்போதும் இ-பைக்னு மாத்திப் போடுங்க, மருதமலை ரோட்டுல வேர்க்க வேர்க்க ரெகார்ட் வெச்சிருக்கறவன் வயித்தெரிச்சல் நமக்கெதுக்கு.

சேலம்: மூணு வருஷம் ஓடினது ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. என்ன பாக்கணும்?

வண்டியோட போன் செயலில பேட்டரி எத்தனை தடவை முழுசா சார்ஜ் ஆச்சுன்னோ, இன்னும் எவ்ளோ கொள்ளளவு இருக்குன்னோ காட்டற வகைன்னா மொதல்ல அத கேளுங்க. 500 சுத்து பக்கம் வந்திருந்தா புதுசுல இருந்த தெம்பு இருக்காது, மாத்து பேட்டரி விலைய கழிச்சுட்டுதான் பேரம் பேசணும். ஒரிஜினல் சார்ஜர், வாங்கின பில், ரெண்டும் வேணும். பிரேக் பேட கழட்டிப் பாருங்க, எடை ஜாஸ்தி வண்டி, சீக்கிரம் தேயும். சார்ஜ் துவாரத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க, ஏன்னு உங்களுக்கே தெரியும். கடைசியா, மோட்டார ஆஃப் பண்ணிட்டு பத்து கி.மீ. ஓட்டிப் பாருங்க. உடம்பும் சைக்கிளும் ஒத்து வரலன்னா, மோட்டார் எவ்ளோ நல்லா இருந்தாலும் சேலம் தாண்டி ஏற்காடு ரோட்டுல இருபது வளைவுக்கு அத உக்காந்து ஓட்டப் போறது நீங்கதான், உரிமையாளர்கிட்ட சாவியக் குடுத்துட்டு வந்துருங்க.